கேஸ்கேட் கேன்யன் உள்ளே நின்று பார்த்தால் 'வி' வடிவமாகத்தானே தெரிகிறது?

ஆகஸ்ட் 11. ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் வயோமிங்கில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். ஜென்னி ஏரியைப் படகில் கடந்து கேஸ்கேட் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்குள் மூன்று மைல் போல நடந்தோம். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு யூ வடிவம், ஆறு அறுத்த பள்ளத்தாக்கு வி வடிவம் என்றுதான் பள்ளியில் படித்தது. உள்ளே நின்று பார்த்தால் எனக்கு வி தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஓடை. உண்மையிலேயே இதைப் பனி குடைந்ததா, இல்லை எல்லாரும் சொல்லிச் சொல்லியே அப்படி ஆகிவிட்டதா?

ஆகஸ்ட் 11, இரவு

பனிதான் குடைந்தது. ஆனால் நீங்கள் பார்த்ததும் தப்பில்லை.

நீங்கள் பார்த்த சரிவு பள்ளத்தாக்கின் சுவர் கிடையாது, சுவரிலிருந்து உதிர்ந்த கல். பெரிய பனி விலகி ஏறக்குறைய 15,000 வருஷம் ஆகிறது. அன்று முதல் மேலிருந்து பாறை உடைந்து விழுந்துகொண்டே இருக்கிறது. விழுந்த கல்லெல்லாம் சுவரின் காலடியில் விசிறி மாதிரி விரிந்து குவிகிறது. உடைகல் குவியல் பொதுவாக 35 பாகைச் சாய்வை ஒட்டித்தான் நிற்கும், அதைவிடச் செங்குத்தாகப் போனால் உருண்டுவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் அப்படி ஒரு சரிவு இறங்கி வந்து ஓடையை நெருக்கினால், கீழே நிற்கிறவர் கண்ணுக்கு வி தான் தெரியும்.

ஒன்று செய்து பாருங்கள். எடுத்த படத்தில் அந்த உடைகல் சரிவை மட்டும் கையால் மறைத்துவிட்டு, மேலே மிச்சமிருக்கும் மொட்டைப் பாறையின் கோட்டைப் பாருங்கள். அது எவ்வளவு செங்குத்து என்று அப்போது தெரியும்.

அந்தப் பனி வெளியே வந்து தோண்டிய குழிதான் நீங்கள் படகில் கடந்த ஜென்னி ஏரி.

ஆகஸ்ட் 12

இதே சந்தேகம் எனக்கும் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் முறை போனபோது கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்தே நடந்தேன். டீவினாட், மவுன்ட் ஓவன், அவற்றுக்குப் பின்னால் 13,775 அடியில் கிராண்ட் டீட்டன். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாம் முறை அக்காவோடு போனேன். அவளுக்கு முழங்கால் வலி. பத்தடி நடந்தால் ஒரு நிமிஷம் நிற்பாள், நானும் நிற்பேன். அந்த நிறுத்தங்களில்தான் தரையைப் பார்க்கவே தொடங்கினேன். படகுத்துறையிலிருந்து ஹிட்டன் ஃபால்ஸ் அருவி தாண்டி இன்ஸ்பிரேஷன் பாயின்ட் வரைக்கும் மூச்சு வாங்கும் ஏற்றம். அந்த இடம் 7,200 அடி உயரம், ஏரியிலிருந்து நானூறு அடிக்கு மேல். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஏற்றம் சட்டென்று அடங்கிவிடுகிறது. "படியேறி மொட்டைமாடிக்கு வந்த மாதிரி இருக்கே" என்றாள் அக்கா.

எனக்கு அதுதான் பெரிய தடயம். மலைமுகப்பில் அருவியாக விழும் அதே ஓடை, உள்ளே போனால் அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து ஓடுகிறது. கரையில் வில்லோ புதர். அதில் இடுப்பளவு மறைந்து ஒரு மூஸ், பெரிய மான் வகை, மேய்ந்துகொண்டிருந்தது. (25 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது பூங்கா விதி. கரடி, ஓநாய் என்றால் 100 கஜம்.) ஓடை தானாக அறுத்த மலைப்பள்ளம் என்றால் நுழைவாயிலிலிருந்து உள்வரைக்கும் கல்லும் குதிப்புமாகத்தான் போகும். முதலில் ஒரு செங்குத்துப் படி, அப்புறம் நீளமாக ஒரு சமதளம், அதற்குமேல் இன்னொரு படி என்று போவது பனியின் கைவேலை.

சுவரைப் பார்த்து ஏமாந்தவர்கள் தரையைப் பார்த்தால் ஏமாற மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

ஆகஸ்ட் 12, பிற்பகல்

"பனிக்கட்டியை விடக் கல்தானே கெட்டி, எப்படி அறுக்கும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பனி நேரடியாக அறுப்பதில்லை. அதன் அடியில் சிக்கிய கற்கள்தான் அறுக்கின்றன. உப்புத்தாளில் காகிதம் தேய்க்காது, அதில் ஒட்டியிருக்கும் மணல்தானே தேய்க்கிறது, அதே கதைதான். நூற்றுக்கணக்கான அடி பருமனுள்ள பனி மேலே உட்கார்ந்து அழுத்த, அடியில் உள்ள கல் பாறையை உரசிக்கொண்டே நகரும். இது ஒரு வேலை. இன்னொன்று பிடுங்குவது. உருகிய நீர் பாறை விரிசலில் இறங்கி உறைந்து துண்டைத் தளர்த்தும், நகரும் பனி அதைப் பெயர்த்துக்கொண்டு போகும். மழமழவென்ற வளைவுகள் உரசியதால் வந்தவை, முரட்டு வெட்டுகள் பிடுங்கியதால் வந்தவை.

கேன்யனின் வடக்குக் கிளைப் பக்கம், லேக் சாலிட்யூட் என்ற ஏரிக்கு ஏறும் வழியில், பாதையை ஒட்டி ஒரு பாறைப் பலகை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கையை ஊன்றி எழும்போது விரல் நுனியில் கோடுகள் தட்டுப்பட்டன. குனிந்து பார்த்தேன். பென்சில் முனை அகலத்தில் வரிவரியாக, எல்லாம் ஒரே திசையில். கோட்டின் திசையிலேயே விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிறது, குறுக்கே ஓட்டினால் நெருடுகிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் கோடுகளும் பள்ளத்தாக்கும் ஒரே பக்கம் நீள்கின்றன. பனி போன வழி.

ஆகஸ்ட் 14

முதல் குறிப்பில் ஜென்னி ஏரி பனி தோண்டிய குழி என்று எழுதிவிட்டேன். அது பாதிதான் உண்மை, திருத்துகிறேன்.

பனி தோண்டவும் செய்தது, அணையும் கட்டியது. கேன்யனை விட்டு வெளியே வந்த பனியாறு சமவெளியில் நாக்கு நீட்டியது மாதிரி கொஞ்ச தூரம் போய் நின்றது. முனை உருக உருக, பின்னாலிருந்து வந்த பனி கல்லையும் மண்ணையும் அங்கேயே கொட்டிக்கொண்டிருந்தது. அப்படி வளைவாக எழும்பிய கரைதான் மொரைன். பனி பின்வாங்கியதும் கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டது. ஜென்னி மட்டுமில்லை, மலையடிவாரத்து ஏரிகளை வரிசையாகப் பாருங்கள்: டெத் கேன்யன் வாயில் ஃபெல்ப்ஸ் ஏரி, அவலாஞ்ச் கேன்யனுக்குக் கீழே டாகர்ட், கார்னெட் கேன்யனுக்குக் கீழே பிராட்லி, கேஸ்கேடுக்கு ஜென்னி, அதற்கு வடக்கே லீ ஏரி. கேன்யன் வாய்க்கு ஒரு ஏரி என்று வைத்த மாதிரி இருக்கும்.

மொரைனை நான் கண்டுகொண்டது ஒரு தாமதத்தால். அக்காவோடு திரும்பி வரும்போது கடைசிப் படகு போய்விட்டது. ஏரியின் தெற்குக் கரையைச் சுற்றி இரண்டு மைலுக்கு மேல் நடக்க வேண்டியதாயிற்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அக்காவுக்கு வலி, கரடி பயம் வேறு, சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தோம். அந்தக் காட்டுக்குள் ஒரு கார் அளவுக்குப் பாறைகள் மரங்களுக்கு நடுவே அநாதையாகக் கிடந்தன. அங்கிருந்து மலைச்சுவர் எட்டத்தில். உருண்டு வந்திருக்க முடியாது. அப்போதுதான் உறைத்தது, நாங்கள் நடந்துகொண்டிருந்ததே பனி கொட்டிய கரையின் மேல்தான்.

மறுநாள் காலை இரண்டு இடத்தில் மண்ணை எடுத்துப் பார்த்தேன் (அங்கேயே திரும்பப் போட்டுவிட்டேன்). கரைக் காட்டில் எடுத்த பிடியில் மாவு மாதிரி நைசான தூளும் இருந்தது, மணலும் இருந்தது, கூர்முனைக் கல்லும் இருந்தது. நசுக்கினால் கையில் ஒட்டுகிறது. கொஞ்சம் தள்ளி சேஜ்பிரஷ் புதர் வெளியில் எடுத்தால் வெறும் உருண்டைக் கூழாங்கல், இடையில் மணல். தண்ணீர் ஊற்றினேன், நின்று பார்ப்பதற்குள் காணாமல் போயிற்று.

அந்தச் சமவெளியின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. பனி கொட்டிய கரையில் நைசு மண் உண்டு, ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் லாட்ஜ்போல் பைன் வளர்கிறது. பனி உருகிய வெள்ளம் அலசிப் பரப்பிய வெளியில் நைசு மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது, ஈரம் நிற்காது, அதனால் சேஜ்பிரஷ் மட்டும். காடு எங்கே முடிகிறதோ அந்தக் கோட்டை வைத்தே பனி எதுவரை வந்து நின்றது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சாலையில் போகும்போதே புதர்வெளிக்கு நடுவில் டிம்பர்ட் ஐலண்ட் என்ற ஒற்றைக் காட்டு மேடு தெரியும். அது இதற்கும் முந்தைய பனியுகம் விட்டுப்போன கரையின் மிச்சம்.

ஆகஸ்ட் 15

ஜென்னி யார் என்று கேட்டவருக்கு: ஷோஷோனி இனப் பெண். 'பீவர் டிக்' என்று அழைக்கப்பட்ட ரிச்சர்ட் லீயின் மனைவி. 1872-ல் அந்தப் பகுதியை அளக்க வந்த ஹேடன் குழுவுக்கு வழிகாட்டியவர் லீ. அந்தக் குழுதான் ஜென்னி ஏரி, லீ ஏரி இரண்டுக்கும் இந்தப் பெயர்களை வைத்தது. 1876-ல் பெரியம்மையில் ஜென்னியும் குழந்தைகள் எல்லாரும் இறந்துபோனார்கள். லீ மட்டும் பிழைத்தார். அந்த ஏரியும் இந்த ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஆகஸ்ட் 18

பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பனி குடைய முதலில் மலை வேண்டுமே.

டீட்டன் மலைக்கு முன்குன்றுகளே கிடையாது. சமவெளி, அதிலிருந்து நேராகச் சுவர். காரணம் மலையடியில் 40 மைல் நீளத்துக்கு ஓடும் டீட்டன் பிளவு. கடந்த 1 கோடி வருஷத்துக்குள் அதன் மேற்குப் பக்கம் எழும்பியது, கிழக்குப் பக்கம், அதாவது ஜாக்சன் ஹோல் சமவெளி, கீழே இறங்கியது. எவ்வளவு என்பதற்கு ஒரு அழகான சாட்சி உண்டு. மவுன்ட் மோரன் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு மணற்பாறைத் துண்டு இருக்கிறது. சமவெளியிலிருந்து சுமார் 6,000 அடி மேலே. அதே மணற்பாறை அடுக்கு சமவெளிக்கு அடியில் சுமார் 24,000 அடி ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. ஒரே அடுக்கின் இரண்டு துண்டுகள், இடையில் 30,000 அடி. சமவெளி இறங்கியதுதான் அதிகம், மலை ஏறியது குறைவு! இதை முதலில் படித்தபோது மோரனை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

இன்னொரு விஷயம் நடந்து பார்த்தால்தான் உறைக்கும். நீர்பிரி கோடு, அதாவது தண்ணீர் கிழக்கே ஓடுமா மேற்கே ஓடுமா என்று பிரிக்கும் முகடு, கிராண்ட் டீட்டன் உச்சி வழியாகப் போகவில்லை, அதற்கு மேற்கே ஹரிகேன் பாஸ் கணவாய்ப் பக்கமாகப் போகிறது. கேஸ்கேடின் தெற்குக் கிளையில் ஏறினால் கிராண்டின் முதுகுப் பக்கத்துக்கே வந்துவிடுகிறோம். கிழக்கு முகம் செங்குத்து என்பதால் அந்தப் பக்கத்து ஓடைகளும் பனியாறுகளும் மேற்கு நோக்கி அரித்து அரித்து, உச்சிகளைத் தாண்டிப் பின்னாலேயே போய்விட்டன. உச்சிகள் இப்படித் தனித்தனிக் கோபுரமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 19

"அப்போ இன்றைக்கு மேலே இருக்கும் டீட்டன் பனியாறு அந்தப் பழைய பனியின் மிச்சமா?" இல்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேன்யன்களைக் குடைந்த பெரும்பனி கரைந்துபோனது. இப்போது உள்ளவை அதற்கு ரொம்பப் பிந்தி வந்த குளிர் மிகுந்த காலகட்டங்களில், முக்கியமாகச் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய சிறு பனியுகத்தில் பெருத்தவை. அவையும் வேகமாகச் சுருங்குகின்றன.

சிறியதானாலும் வேலை நிற்கவில்லை. டெல்டா ஏரி ஏன் பால் கலந்த நீலமாக இருக்கிறது? மேலே டீட்டன் பனியாறு அரைத்த பாறை மாவு அதில் மிதக்கிறது. அந்தத் தூள் அடியில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. நான் கரைக் காட்டில் கையில் பிசைந்த நைசு மண்ணும் அதே ஆலையில் அரைத்த மாவுதான், பழைய ஈடு.

ஆகஸ்ட் 23

வி-யும் யூ-வும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு: டீட்டனை விடக் கலிஃபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன்தான் அதற்குத் தோது. 180-ஆம் நெடுஞ்சாலையில் சீடர் குரோவ் நோக்கி இறங்குங்கள். முதலில் ஆறு தானே அறுத்த இடுக்கமான வி. பக்கச்சுவர் நேராக ஆற்றுக்குள் இறங்கும், சாலைக்கு இடமே இல்லாமல் பாறையை ஒட்டி வளையும். சீடர் குரோவை நெருங்கும்போது பள்ளத்தாக்கு அகலமாகிறது, தரை மட்டமாகிறது, புல்வெளி வருகிறது. பனி அந்த இடம் வரைக்கும்தான் வந்தது. சாலை அதைத் தாண்டிச் சில மைலில் ரோட்ஸ் எண்டில் முடிகிறது. குளிர்காலத்தில் இந்தச் சாலை மூடிவிடும்.

அதே கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார், "யூ வடிவத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் உண்டா" என்று. அங்கேயும் தரை ஏமாற்றுகிறது, ஆனால் எதிர்ப்பக்கமாக. அந்த மட்டமான தரை பனி தேய்த்த தரை இல்லை. பனி ஆழமாகத் தோண்டிய குழியில் ஏரி தேங்கி, வண்டலால் நிரம்பியது. 1930-களில் நில அதிர்வலை வைத்து ஆராய்ந்தபோது வண்டலின் ஆழம் சில இடங்களில் 2,000 அடி வரை போனது தெரிந்தது. பாறைத்தரை அதற்கும் கீழே. கேஸ்கேடில் உடைகல் யூ-வை வி ஆக்கியது, யோசெமிட்டியில் வண்டல் அதை இன்னும் சப்பையாக்கியது.

யோசெமிட்டி விஷயத்தில் பெரிய சண்டையே நடந்தது. மாநிலத்தின் தலைமைப் புவியியலாளர் ஜோசையா விட்னி, பள்ளத்தாக்கின் தரை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது என்றார். பனிதான் என்றார் ஜான் மியூர். அவர் பெரிய படிப்பு படித்த புவியியலாளர் இல்லை, ஆனால் மலையிலேயே கிடந்தவர். 1871-ல் மெர்சிட் சிகரத்துக்குப் பக்கத்தில் உயிருள்ள பனியாறு ஒன்றைக் கண்டுபிடித்தார். கடைசியில் மியூர் பக்கம்தான் தராசு சாய்ந்தது.

ஆகஸ்ட் 24

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு உறுத்தல். மியூர் முழுக்கச் சரி என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். 1930-ல் புவியியலாளர் பிரான்சுவா மத்தேஸ் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டார். அவர் காட்டியது ஆறும் பனியும் மாறிமாறி வேலை செய்த கதை. மலை எழ எழ ஆறு முதலில் அறுத்தது. பின்னால் வந்த பனி அந்தத் தடத்தையே எடுத்துக்கொண்டு ஆழப்படுத்தியது, அகலப்படுத்தியது.

டீட்டனுக்கும் இதையே சொல்ல வேண்டும். "பனிதான் குடைந்தது" என்று முதல் வரியில் அடித்துச் சொன்னேன். இன்றைக்கு எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். ஓடை வழி போட்டது, பனி ஒரு முறை இல்லை பல முறை வந்து அந்த வழியை உடைத்துப் பெரிதாக்கியது, பனி போனதும் ஓடையும் விழும் கல்லும் திரும்ப வேலையை எடுத்துக்கொண்டன. நீங்கள் வி என்று சொன்னபோது பார்த்தது இந்த மூன்றாவது கட்டத்தை. அதனால் உங்கள் கேள்வியை "தப்பில்லை" என்று சொன்னது போதாது, அது நல்ல கேள்வி.

ஆகஸ்ட் 25

விழும் கல் ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் ஹிட்டன் ஃபால்ஸ் பக்கத்துப் பாறை முகப்பில் விரிசல் விரிவதைக் கண்டு, ஹிட்டன் ஃபால்ஸ், இன்ஸ்பிரேஷன் பாயின்ட் பகுதியையே பூங்கா நிர்வாகம் மூடியது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கும் இடம்.

ஆகஸ்ட் 29

மர்மட் ஒன்று (பெரிய அணில் இனம்) அக்காவின் கைத்தடி வாரைக் கடித்துத் தின்றதைச் சொல்ல மறந்துவிட்டேன். வியர்வை உப்புக்காக. பாறையில் சாய்த்து வைத்துவிட்டு ஏரியைப் பார்க்கத் திரும்பியதுதான் தாமதம். லேக் சாலிட்யூட் பக்கம் போகிறவர்கள் தடியைக் கையிலேயே வைத்திருங்கள். அக்கா இன்னமும் அந்த அறுந்த வாரை மாற்றவில்லை, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.

செப்டம்பர் 2

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். கையால் மறைத்துப் பார்த்தாராம், இடதுபக்கச் சுவர் மட்டும் நன்றாகத் தெரிகிறது, வலதுபக்கம் இன்னும் சரிவாகவே இருக்கிறது என்கிறார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். வலதுபக்கம் மரமில்லாமல் பட்டை பட்டையாக இறங்குகிறதே, அவை பனிச்சரிவு விழும் தடங்கள். வருஷா வருஷம் பனி சரிந்து மரத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது. அவற்றையும் சேர்த்து மறையுங்கள். அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பாறைத் துண்டு எட்டிப் பார்க்கிறது, சுவர் அதுதான். இன்னும் சந்தேகம் இருந்தால் அடுத்த முறை உள்ளே போவதற்கு முன்பே ஜென்னி லேக் ஓவர்லுக்கில் வண்டியை நிறுத்தி, ஏரிக்கு அப்பாலிருந்து கேன்யனின் வாயை நேராகப் பாருங்கள். காலைதான் நல்லது, வெயில் உள்ளே விழும்.

உங்கள் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கீழே வலது மூலையில், பாதையிலிருந்து இருபதடி தள்ளி, உடைகல் குவியலில் நாலைந்து கற்கள் மட்டும் மற்றதைவிட வெளிறித் தெரிகின்றன. சுற்றியுள்ள கல்லெல்லாம் கருப்பும் பச்சையுமாகக் கல்பாசி படிந்து கிடக்க, இவற்றின் மேல் ஒரு புள்ளி கூட இல்லை. அங்கிருந்து நேர் மேலே சுவரில் அதே வெளிறிய நிறத்தில், அதே அகலத்துக்கு ஒரு தழும்பு.